அக்காவுக்கு எத்தனை தம்பி?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், மின்னி பே சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. "உடன்பிறந்தவன் நீ இருக்கும்போது வேறு யார் எழுதுவது?" என்று போதகர் ஐயா என்னிடமே இந்த வேலையைக் கொடுத்துவிட்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஓரிடத்தில் நிலைத்து இருந்ததும் இல்லை. கப்பல் சமையலறை, பாக்குத் தோட்டம், ரோடு வேலை என்று தீவு மாற்றித் தீவு போய்ப் பிழைத்தவன். அதனால் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததுதான் அதிகம். இந்த ஒரு வருடமும் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை கிடைத்தபோது அம்மாவும் அக்காவும் கப்பலேறி வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பிடித்தார். அப்பாவுக்குச் சோறு கட்டி அனுப்பி, என்னைக் குளிப்பாட்டி, குழாயில் தண்ணீர் வரும் நாளில் பாத்திரம் எல்லாம் நிரப்பி வைப்பது அவர் வேலை. அதைப் பெரிய துயரமாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் இங்கே அப்படி எழுதப் போவதில்லை. ஹேடோவில் அப்போது பாதி வீடுகள் அப்படித்தான் இருந்தன.

பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அத்தானோடு கல்யாணம் ஆயிற்று. பிள்ளை இல்லை. அத்தான் நல்ல மனிதர், பேச்சு குறைவு. அவர் நெஞ்சுவலியில் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மின்னி பே சரிவில் தகரக்கூரை போட்ட சின்ன வீட்டுக்கு அக்கா வந்தார். வந்த பென்ஷனில் சாப்பாடு ஓடியது. நான் எப்போதாவது கப்பல் இறங்கி வருவேன். "எங்கலே சுத்திட்டு வார? மொதல்ல தலையில எண்ணெய் வை" என்பார். மீன்குழம்பு வைத்துப் போடுவார். மறுகப்பலில் கிளம்பிவிடுவேன். இவ்வளவுதான் நான் அறிந்த அக்கா.

நான் அறியாத அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மெயின்லேண்டில் இருக்கும் உறவினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெரிய நோய் என்றால் எல்லாத் தீவுகளில் இருந்தும் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுவருவார்கள். கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ நோயாளி வந்துவிடுவார். கூட இருக்க வேண்டிய ஆள் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பார். கடல் சரியில்லை என்றால் அந்தக் கப்பலும் வராது. சிலருக்கு வருவதற்கே ஆள் கிடையாது. வார்டில் அட்டெண்டர் கேட்பார்கள். அப்படி யாரும் இல்லாதவருக்கு அக்கா போய் நின்றிருக்கிறார்.

"நீங்க யாரு?" என்று கேட்டால், "பெஹன்" என்பாராம். சகோதரி. டிக்லிபூர் வங்காளிக் கிழவருக்கும் பெஹன், ஹட் பே தெலுங்கு மீன்காரருக்கும் பெஹன், கார் நிக்கோபாரில் இருந்து வந்த பாட்டிக்கும் பெஹன். நர்சுகளுக்கு இது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அவர்களுக்கு அவர் தீதி, அதாவது அக்கா. அக்கா வார்டுக்குள் நுழைந்தாலே, "தீதி, இன்னைக்கு எந்தத் தம்பி?" என்று சிரிப்பார்களாம்.

இதை அறிந்த போதகர் ஐயா ஒருமுறை தயங்கிக் கேட்டிருக்கிறார். "இருந்தாலும் அது பொய்தானேம்மா?"

"ஐயா, ஞாயித்துக்கெளம எல்லாரும் சகோதர சகோதரின்னு நீங்க சொல்றதத்தான் நான் திங்கக்கெளம போய்ச் சொல்லுதேன். அங்க நெசம்னா இங்கயும் நெசந்தான்" என்றாராம் அக்கா. ஐயா இதை என்னிடம் சொல்லும்போது காதைச் சொரிந்துகொண்டார்.

இது எப்படித் தொடங்கியது என்று பலரிடம் விசாரித்தேன். ஒரு தவக்கால ஜெபக் கூட்டத்தில் அக்கா அழைப்பைப் பெற்றதாகச் சபையில் ஒருவர் சொன்னார். அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் செய்த பொருத்தனை என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டு, அக்காவிடமே முன்பு ஒருநாள் கேட்டிருந்தேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அத்தானுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆளு படுக்கையிலயே வெளிக்குப் போயிட்டாரு. நாறிச்சு. கழுவி விட்டேன். இதுக்கெல்லாம் ஒரு தொடக்கம் வேணுமால?"

அக்காவைச் சாந்தமான தேவதையாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நோயாளிகளைத் திட்டுவார். வார்டுச் சுவரில் பான் துப்பிய ஒருவரைத் துடைக்க வைத்திருக்கிறார், அவர் கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே. அழுக்குத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பார். அதில் அவர் குடத்துத் தண்ணீர் தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாவிடம் கடன் கேட்பார். லட்சுமியம்மா விசாகப்பட்டினத்துக்காரர், எதையும் மறைக்காமல் பேசுகிறவர். "ஊர் பீயெல்லாம் கழுவ என் தண்ணியா?" என்பாராம். கேட்டுக்கொண்டே வாளியை நீட்டுவாராம்.

இப்படி எல்லாருக்கும் செய்தவருக்கு ஒரு குணம் இருந்தது. தனக்கு யாரும் எதுவும் செய்யக் கூடாது. தலைவலிக்குத் தைலம் தேய்க்கக்கூட விடமாட்டார். குடலில் கட்டி என்று தெரிந்து, மெயின்லேண்ட் போய் வைத்தியம் பார்க்கவும் மறுத்து, இங்கேயே வார்டில் படுத்தபோது அந்தக் குணம்தான் பெரிய சிக்கலாயிற்று. லட்சுமியம்மா உடம்பு துடைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாராம். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூம் போய் இருமுறை விழுந்திருக்கிறார். "ஒங்க அக்கா யார் பேச்சும் கேக்கல. நீ வா, தம்பி வந்தா கேப்பா" என்று லட்சுமியம்மா போனில் அழுதார். நான் கேம்பல் பேயில் இருந்தேன். அடுத்த கப்பலில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அக்காவைக் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்து அனுப்ப வேண்டும், சின்னதில் என்னைக் குளிப்பாட்டியவர் அவர்.

வார்டு வாசலில் காவலர் யாரென்று கேட்டுத் தடுத்தார்.

"கௌன் ஹை ஆப்?"

"பேஷன்டுடைய பாயீ."

"பாயீ தோ அந்தர் பைட்டா ஹை." தம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறாராம்.

"எனக்குத் தெரியாம அவங்களுக்கு யாருய்யா தம்பி? நான்தான் கூடப் பிறந்தவன்."

சத்தம் கேட்டு ஒரு மலையாளி நர்ஸ் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தீதியோட தம்பியா? நீங்க எத்தனாவது?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். என்னைப் போலவே அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் எட்டிப் பார்க்க மட்டும் விட்டார்.

ஒல்லியாக, கறுப்பாக ஒரு மனிதர் அக்காவின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அது வலி இல்லை, கூச்சம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையைத் தட்டிவிடவில்லை. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியாலே? கப்பல்ல எதாச்சும் தின்னியா?"

அந்த மனிதரின் பெயர் எலியாஸ். பாராடாங்கில் இருப்பவர், அக்கா படுத்ததைக் கேள்விப்பட்டு எனக்கு முன்பே வந்துவிட்டார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்த குடும்பம், அவர்களும் நம்மைப் போலவே வேதக்காரர்கள். பல வருடங்களுக்கு முன் மரம் உருண்டு இடதுகால் நசுங்கி, யாரும் இல்லாமல் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அக்காதான் அவருக்கும் பெஹன். காடு மலை என்று கிடந்த ஆண்பிள்ளை, ஒரு பெண்பிள்ளை மலச்சட்டி எடுக்கிறாரே என்று வெட்கப்பட்டுச் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாராம். சாப்பிடாவிட்டால் சட்டியே தேவைப்படாது அல்லவா? இதை ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அவரே எனக்கு ஹிந்தியில் சொன்னார்.

"அக்கா என்ன செஞ்சாங்க?"

"காலீ தியா. ரொம்பத் திட்டினா." பிறகு அக்காவின் ஹிந்தியை அப்படியே பேசிக் காட்டினார். "'பஹலே கானா காவ். சரம் பாத் மே!'" முதலில் சோறு தின்னு, வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம். ஐம்பது வருடம் இந்தத் தீவில் இருந்தும் அக்காவின் ஹிந்தி திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பாஸை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியே உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் துணியை நனைத்தேன். அக்கா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ. அவன வரச்சொல்லு."

"ஏன்க்கா? நான் செய்யக் கூடாதா?"

"அவன வரச்சொல்லுன்னு சொன்னேன்லா."

கேம்பல் பேயில் இருந்து வந்தது இதற்குத்தானா என்று எனக்கு இருந்தது. வாசலுக்குப் போய் எலியாஸிடம் பாஸைக் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நேராகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஒனக்கு ஒருத்தர் தொட்டாலே ஆகாது. லட்சுமியம்மாவ விடல, என்னைய விடல. அந்த ஆள மட்டும் எப்பிடி விடுத?"

அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எனக்கு ஒடம்பெல்லாம் கூசத்தான்லே செய்யுது. செத்துப்போயிரலாம் போல இருக்கு. ஆனா அவன் கூலி வேலைய விட்டுட்டு, அந்தக் காலோட பஸ் ஏறி வந்திருக்கான். அவன வேண்டாம்னு அனுப்பிட்டேன்னு வையி, அன்னைக்கு நான் செஞ்சதெல்லாம் பிச்சை போட்டதா ஆயிரும். இப்ப அவன் செஞ்சிட்டான்னா, அக்கா தம்பின்னு ஆயிரும்."

"அப்ப நான்?"

"நீ எங்க அம்மா வயித்துல பொறந்தவன். ஒனக்கு எதுக்குலே ருசு?" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அங்க போய்க் கஞ்சி வாங்கிட்டு வா. அவன் ராத்திரியும் சாப்பிடல."

நான் கஞ்சி வாங்கப் போனேன். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை எத்தனையோ பெரிய வியாழக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். கழுவுவதுதான் கடினம் என்று எண்ணியிருந்தேன். காலை நீட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கட்டிலில்தான் பார்த்தேன். அக்கா செய்த ஊழியத்திலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால், அந்தக் கடைசி நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டதைத்தான் சொல்வேன்.

ஒரு பகல் நேரத்தில், எலியாஸ் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்தபடி அக்கா கண்ணை மூடினார்.

உடலை மின்னி பே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நம் ஜனத்தில் வேதத்துக்கு வந்த பிறகும் விடாத வழக்கம் ஒன்று உண்டு. பெண்பிள்ளை இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். சபைப் பெண்கள் நினைவுபடுத்தினார்கள். நான் பஜாருக்குப் போய் நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலை ஒன்று வாங்கி வந்தேன்.

வீட்டு வாசலில் எலியாஸ் ஒதுங்கி நின்றார். கையில் ஒரு பொட்டலம். என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தம்பி சேலை கொண்டுவர வேண்டும் என்று யாரோ பேசியதைக் கேட்டு, லட்சுமியம்மாவிடம் விவரம் விசாரித்து, அவரும் ஓடிப்போய் வாங்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, அகலமான சிவப்புக் கரை. அவர்கள் ஊர்ப் பெண்கள் கோவிலுக்கு உடுத்தும் நல்ல சேலை அது.

உள்ளே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. "புருசன் போனவளுக்குச் சிவப்புக் கரையா?" என்றார் ஒரு பெரியம்மா. சபை மூப்பர் என் காதருகே வந்தார். "தம்பி, பொறந்த வீட்டுக் கோடி ஒண்ணுதான். அது ஒம்முடையது. அவர் மனசு நோகாம நீரே சொல்லிரும்."

எலியாஸுக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. ஆனால் இது புரியாமல் இருக்குமா? சேலையை மடிக்கத் தொடங்கினார்.

நான் வாங்கி வந்ததை அப்படியே பையோடு லட்சுமியம்மாவிடம் கொடுத்தேன். "பையா, ஒரு பக்கம் பிடிங்க" என்று எலியாஸை ஹிந்தியில் அண்ணா எனக் கூப்பிட்டு, அவர் சேலையின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவர் பிடித்தார். அவர் கால் வைத்து நடக்கும் வேகத்துக்கு நானும் நடந்து, இரண்டு பேருமாக அக்காவின் பாதம் முதல் நெஞ்சு வரை போர்த்தினோம். போதகர் ஐயா ஜெபத்தைத் தொடங்கினார்.

இந்த மலரில் அச்சாகியிருக்கும் படம் அப்போது எடுத்ததுதான். முன்பே அதை அனுப்பிவைத்ததால், என் எதிரில் நிற்பவர் யார் என்று மெயின்லேண்ட் உறவினர்கள் போனில் கேட்டபடி இருக்கிறார்கள். அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

வார்டில் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும் மருத்துவர்களுக்கும், இரவல் வாளியை ஒருநாளும் கணக்குப் பார்க்காத லட்சுமியம்மாவுக்கும், கல்லறைக் குழி வெட்டிய சபை வாலிபர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், ஹட் பேயில் இருந்தும் டிக்லிபூரில் இருந்தும் வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த வரிசையில் எலியாஸின் பெயரை முதலில் எழுதியிருந்தேன். போன வாரம் பாராடாங் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால் அங்கே அடித்துவிட்டு, இருக்க வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பிமார்,
எலியாஸ், பாராடாங்
நான், இப்போதைக்கு மின்னி பே