எங்கள் தெரு பஸ்ஸான கதை

என் கணவர் செல்வராஜுக்கு முதலில் வந்தது இருமல் அல்ல, நாய்ப்பாசம். மஹய்யாவ மேட்டில் எங்கள் வீட்டுக்குப் படியேறும்போது பாதியில் நின்று அடுத்த வீட்டு நாயைக் கொஞ்சத் தொடங்கினார். அந்த நாயை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் இந்த நாடகம் என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

ஊதும் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு (புகையால் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நோய்) என்றார். யாழ்ப்பாணத்துப் பெண், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "போனது திரும்பி வராது ஐயா. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆனா இனி ஒரு சிகரெட்டும் கூடாது." இவரும் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் தலையாட்டாத ஆண் யார்?

ஒரு கையில் இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் சிறு கருவி), மறு கையில் சிகரெட் என்று அந்த மாதம் ஓடியது. அழுதேன், கத்தினேன், சாமி மேல் சத்தியம் வாங்கினேன். ஒன்றும் எடுபடவில்லை.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் என்னிடம் கேட்டார். "கம்பளைக்கு வேலைக்குப் போறவர்தானே? பஸ்ஸில என்ன செய்யிறவர்?"

"பஸ்ஸுல சிகரெட் குடிக்க விடமாட்டாங்களே டாக்டர். சும்மாதான் இருப்பாரு."

"அப்ப சிகரெட் இல்லாம அவரால இருக்க ஏலும்தானே அம்மா."

வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். பஸ்ஸில் ஏறியதும் இவருக்கு வைராக்கியம் கூடிவிடுவதில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே சட்டம், அதனால் ஆசையும் வாயை மூடிக்கொண்டு வருகிறது. எங்கள் தெருவிலோ மூன்று கடைகள், மூன்றிலும் சிகரெட்டை ஒற்றையாக விற்பார்கள். விலை ஏற ஏற இவர் பெட்டி வாங்குவதை விட்டு ஒற்றைக்கு மாறியிருந்தார். பெட்டியில் அரசாங்கம் போடவைத்த நோய்ப் படம் கடைக்காரர் பார்ப்பதற்குத்தான், இவர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் ஹனீபா நானாவின் (நானா என்றால் அண்ணன்) கடைக்குப் போய், ஒற்றையாக விற்க வேண்டாம் என்று கேட்டேன்.

"நான் மட்டும் நிப்பாட்டினா யாவாரம் பக்கத்துக் கடைக்குப் போயிரும் தங்கச்சி. மத்தவங்க நிப்பாட்டினா நானும் நிப்பாட்டுறன்."

மற்ற இரண்டு கடைக்காரர்களும் இதையே வார்த்தை மாறாமல் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களையும் நானாவின் கடைக்கே கூட்டிவந்து நிறுத்தினேன். "இப்ப மூணு பேரும் ஒண்ணா இருக்கீங்க. சொல்லுங்க." நானா கொடுத்த பிளேன்டீ (பால் இல்லாத தேத்தண்ணி) முடிவதற்குள் ஒப்புக்கொண்டார்கள். இனி யார் கேட்டாலும் முழுப் பெட்டிதான், பஸ்ஸைப் போல எல்லோருக்கும் ஒரே சட்டம்.

மறுநாள் காலை இவர் போனார். நானா பெட்டியைப் படம் தெரிகிற மாதிரி முன்னால் வைத்தாராம். இவர் பார்த்தார், பர்ஸைத் தொட்டார், கடைசியில் வாயில் இஞ்சி டொபியோடு திரும்பி வந்தார். "ஊரையே கூட்டி என்னைய அடைச்சுப்புட்டியே!" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

கஷ்டமான வாரங்கள் அவை, ஆனால் சிகரெட் நின்றது. இதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அவரைத் திட்டும் நேரத்தில் பாதியைத் தெருக் கடைகளில் செலவழியுங்கள். நாடு முழுக்க ஒற்றை விற்பனை நின்றால் இன்னும் நல்லது. ஒரு மனிதனின் வைராக்கியத்தை மட்டும் நம்பி நுரையீரலை ஒப்படைக்க முடியாது.

முன்பு இவருடைய பொழுதைச் சிகரெட்தான் துண்டு போட்டுக் கொடுத்தது. எழுந்ததும் ஒன்று, தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. இப்போது பகல் நீண்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்கு வந்து குறை சொல்கிறார்.

போன ஞாயிறு பருப்பில் உப்புக் கூடிவிட்டது. ஆரம்பித்தார். பருப்பிலிருந்து என் அம்மா வீட்டுச் சமையலுக்குப் போனார், அங்கிருந்து எங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனார். இடையில் ஒரு இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை. நோய் வந்த பிறகு எங்கள் சண்டை ஒன்றுகூட முழுதாக முடிந்ததில்லை. நான் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்ன சிரிக்கிற?" என்றார்.

"நீங்க திட்டுங்க. இன்னும் இருக்குல்ல" என்றேன்.