பட்டியலில் பத்தொன்பதாவது வரி

சார்ஜென்ட் சார் அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். விரல் முட்டியால் இறக்கையைத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். "இங்க நல்லா கீது. இங்க உள்ளுக்குள்ள அரிச்சிட்டு கீது" என்பார். சொன்ன இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார்.

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த பாலிடெக்னிக்கில் அவர் ஒர்க்‌ஷாப் பயிற்றுநர், நான் அலுவலகத்தில் தட்டச்சர். அவர் காவாந்தண்டலத்துக்காரர். இந்த வேலைக்கு முன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவர். விமானப்படை எப்போதோ மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டுமென்று கொடுத்த பழைய பயிற்சி ஜெட் அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். மைதானத்து மூலையில், வெயிலிலும் மழையிலும், சிமெண்ட் திண்டுகளின் மேல் கிடந்தது. கண்ணாடி மூடி உடைந்திருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்க்குள் மைனா கூடு கட்டியிருந்தது. சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வாலில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் அப்படியே நின்றாராம். இடது இறக்கையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுத் தகடு உண்டு. அதில் இருந்த ரிவெட்டுகள் இளவயதில் அவர் கையால் அடித்தவை.

அதற்கு ஒரு கூரை போட்டு, அரித்த இடங்களைச் சரிசெய்து, வண்ணம் பூச வேண்டுமென்று முதல்வரிடம் கேட்டார். "பணத்தை நீங்களே புரட்டிக்குங்க, நான் தடுக்கல" என்றார் முதல்வர். நன்கொடை நோட்டீஸ் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அடித்துக் கொடுத்த நான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு பஸ் ஏறிவிட்டேன். அப்புறம் இரண்டு வருஷம், பெரும்பாலான ஞாயிறுகள் அப்படித்தான் போயின.

மாகறலில் நடவு முடித்துக் கரையேறிய பெண்களிடம் அவர் நோட்டீஸை நீட்டியது நினைவிருக்கிறது. அவர்களில் மூத்த அம்மாள் கேட்டார், "அத்த மறுபடியும் பறக்க வுடுவீங்களா சார்?"

"பறக்காதும்மா. நனையாம நிக்கும், அவ்ளோதான்."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "நிக்கட்டும். அதுவும் ஒயச்சதுதானே" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள்.

கடைசியாகத் தேவைப்பட்ட மீதித் தொகையை ஓரிக்கையில் ஒரு நெசவுக் குடும்பம் தருவதாகச் சொன்னது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுப் போய் வாங்கினோம். திரும்பி வரும் வழியெல்லாம் வாலுக்கு என்ன வண்ணம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மத்தியானம் கல்லூரிக்குள் நுழைந்தபோது திண்டுகள் மட்டும் இருந்தன. சுற்றிலும் புல் கருகியிருந்தது. காயலான் கடை லாரி வந்து, கேஸ் கட்டரால் துண்டு போட்டு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. "ஆபீஸ் ஆர்டர் கீதுன்னு காட்டினாங்க சார்" என்றார் வாட்ச்மேன்.

வருஷா வருஷம் கழிவுப் பொருள் பட்டியல் ஒன்று போகும். உடைந்த பெஞ்சு, ஓடாத மின்விசிறி. போன வருஷத்துப் பட்டியலைத் திறந்து, தேதியை மாற்றி, அச்செடுத்து முதல்வரின் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. பத்தொன்பதாவது வரி: பழைய விமானம் – 1. எனக்கு முன் இருந்த யாரோ எழுதியது. அதுவரை விலை படியாததால் யாரும் எடுக்கவில்லை. நன்கொடை நோட்டீஸை அடித்த அதே கம்ப்யூட்டரில்தான் அந்தப் பட்டியலையும் அடித்தேன். அடியில் என் பெயரின் முதலெழுத்து இருந்தது.

அந்தப் பட்டியலைச் சார்ஜென்ட் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"இத்த நீயா அடிச்ச?"

"ஆமா சார்."

"தப்பில்லாமத்தான் அடிச்சிருக்கிற" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கோபத்தில் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பணத்தை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். நானும் போனேன். எல்லா வீட்டிலும் "காலேஜில வித்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். பலரும் பணம் வேண்டாம் என்றார்கள். மாகறல் அம்மாள் மட்டும் விடவில்லை. "அத்தினி பேரு கீறீங்க, ஒருத்தரும் பாக்கலியா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் சொன்னேன். "நான்தாம்மா. படிச்சுப் பாக்காம லிஸ்டுல வெச்சிட்டேன்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது ரூபாயை வாங்கி, பழையபடி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் சார்ஜென்ட் சார், "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அந்தக் கல்வியாண்டோடு வேலையை விட்டார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். காவாந்தண்டலத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவிக்கு என்னைத் தெரியவில்லை. பாலிடெக்னிக் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏரோப்பிளானுக்குக் காசு சேக்கக் கூடவே வந்த பொண்ணு நீதானா? வூட்டுல ஓயாம உன்ன பத்திதான் சொல்வாரு. அத்த வித்த பாவிங்க யாருன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன். தெரியலன்னுட்டாரு. உனக்காவது தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.