வலப்பக்கம் திரும்பும்போது உரசும் டயர்

நான் வசிக்கும் இந்த ஆங்கிலேயச் சிற்றூரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வந்த புதிதில் தெருவே யாரோ இறந்த வீடு போலத் தோன்றியது, பிறகு பழகிவிட்டது. ஆனால் இந்த அமைதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நம்முடைய சின்னச் சத்தத்தைக்கூட அது மறைத்துக் கொடுக்காது. தூத்துக்குடியில் என் காரின் பின்டயர் உரசியிருந்தால், மினிபஸ் பாட்டிலும் துறைமுக லாரிகளின் இரைச்சலிலும் அது எனக்கே கேட்டிருக்காது. இங்கே நான் பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் போதும், கார் இடப்பக்கம் சாய்ந்து, இடது பின்டயர் மட்கார்டின் விளிம்பில் கர்ரென்று தேயும். எதிர்வீட்டு ஜன்னல் திரை ஒரு விரற்கடை விலகி மூடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கார் பழையது, ஏறக்குறைய என் வயது. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, அடர்பச்சை நிறம். இதே ஆலையில் செய்த இதே பச்சைக் கார் பக்கத்து வீட்டு கிரஹாமிடமும் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். அவர் கார் உரசுவதில்லை. மனைவி இருந்த காலத்திலும் உரசியதில்லையாம். இப்போது பக்கத்து இருக்கையில் கனத்த நாயை வைத்துக்கொண்டு போகிறார், அப்போதும் இல்லை. அவர் தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒருமுறையாவது ஒரு கீச்சாவது கேட்காதா என்று ஆசைப்பட்டேன். அதை என் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தேன், வானிலைக்குக் கீழே. கோடை தொடங்கியதும் இந்த வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வரிசையாகக் கடற்கரைக்குப் போவார்கள். போன வருடம் நான் மட்டும் தனியாகப் போனேன். கிரஹாமின் நாய் எனக்கு முன்னால் காற்று வாங்கிக்கொண்டு போனது. இந்த வருடம் செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போகவேண்டும் என்று முடிவெடுத்தேன். அவள் என் மனைவி. இரண்டு பேர் ஏறினால்தான் கார் உரசுகிறது என்பதுதான் சிக்கல்.

இந்தப் பொறாமை இங்கே வந்து பிடித்ததல்ல. தூத்துக்குடியில் நான் கல்லூரியில் படித்தபோது, ஒரு கப்பல் ஏஜெண்டின் மகன் சிவப்பு நிறத்தில் இப்படியொரு இரட்டை இருக்கைக் கார் வைத்திருந்தான். முத்துக் குளித்த காலத்துச் சொத்து என்று சொல்வார்கள். சாயங்காலம் பீச் ரோட்டில் நண்பர்களை ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். நான் அப்பாவின் இரும்புக் கடையிலிருந்து கம்பிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவன் இறங்கினான். அடுத்தது நான்தான். கார்க்காரன் என்னைப் பார்த்தான், பிறகு என் கம்பிகளைப் பார்த்தான். “ஏல, நீ கடைக்குப் போகணும்லா, போ” என்று அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவுக்குப் பிறகு அந்தக் கடையை அண்ணன் நடத்துகிறான். ஆறுமுகநேரி உப்பு லாரிகளுக்கு உதிரிச் சாமான் விற்பதுதான் இப்போது பெரிய வியாபாரம். போனில் டயர் சங்கதியைச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. “லோடு ஏறுனா டயர் உரசத்தான செய்யும். ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடப் போட்டு வண்டியத் தூக்கி விடு, சோலி முடிஞ்சி” என்றான். அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகளால் ஆன அதே ஸ்பிரிங்தான் என் காரிலும் பின்பக்கம் இருக்கிறது. உப்பு லாரிக்குச் சரியென்றால் இதற்கும் சரி என்று எனக்குப் பட்டது. இங்குள்ள மெக்கானிக் இரண்டு முறை நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். கார் திரும்பி வந்தபோது பின்புறம் ஆகாயத்தைப் பார்த்தது. முன்விளக்குகள் சாலையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் குனிந்திருந்தன.

கிரஹாம் நாயோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். இதில் ஏதேனும் பாரம் ஏற்றப் போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து, கேலியாகவே பதில் சொல்ல எண்ணி, “பாரம் ஒன்றுமில்லை, என் மனைவி மட்டும்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். நான் முன்பே சொன்னேன், இங்கே எதுவும் மறையாது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

செல்வி ஆறுமுகநேரிக்காரி. வாசலுக்கு வந்து காரை முன்னும் பின்னும் பார்த்தாள். “உப்பு மூட்டைய ஏத்துங்க. நான் ஏறல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுவாரமே அந்தப் பட்டையைக் கழற்ற வைத்தேன். கார் தணிந்தது, செல்வி தணியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சாக்பீஸால் டயரில் கோடு போட்டு, எந்த இடத்தில் அழிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் கிரஹாமின் காரில் ஏறினாள். செடி வாங்கப் போகிறாளாம், அவரும் அங்கேதான் போகிறாராம். நாய் வீட்டில் விடப்பட்டது. கார் தெருமுனையில் வலப்பக்கம் திரும்பியது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையை என்னால் பொறுக்க முடியவில்லை. போகிறவள் என் மனைவி என்பதைவிட, அவளை வைத்துக்கொண்டும் அந்த டயர் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் தலைமுடி கலைந்து, மடியில் ஒரு மிளகாய்ச் செடியோடு, சிரித்துக்கொண்டே வந்து இறங்கியபோது இரண்டும் சேர்ந்துகொண்டன.

செடியைப் படியில் வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். “அவரு வண்டியில மட்கார்டு உள்விளிம்ப மேல மடிச்சி விட்டிருக்கு. கைய விட்டுத் தொட்டுப் பாத்தேன். நம்மதுல கத்தி மாரில்லா நீட்டிக்கிட்டு நிக்கி.”

அடுத்தவர் காரில் எதற்குக் கையை விட்டாய் என்று கேட்டேன்.

“அவருதான் காட்டுனாரு. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு இருந்தாராம். கேக்காதவங்களுக்குச் சொன்னா தப்பா நெனைப்பாங்கன்னு சும்மா இருந்தாராம்.”

நம் ஊரில் ஒரு வண்டி சாலையோரம் நின்றால் போதும். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து, கேட்காமலே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இங்கே கேட்காதவனுக்குச் சொல்வது அவனை அவமதிப்பதாம். அவர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்ததை, ரகசியத்தை வைத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்ப்பதாக நான் கணக்கிட்டிருந்தேன். இது புரிந்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. இந்த மனிதரிடம் குணமும் நன்றாகத்தான் இருக்கிறதா என்று எரிச்சல்தான் கூடியது.

விளிம்பை மடிக்கும் கட்டையை இரவல் தருவதாக கிரஹாம் சொன்னாராம். வேண்டாம் என்றேன். படிப்புக்காக வெளியூரில் இருக்கும் மகனின் பழைய கிரிக்கெட் மட்டை இருந்தது. அதன் பிடியில் துணி சுற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகினேன். பெயிண்ட் வெடிக்காமலிருக்க, தலைமுடி உலர்த்தும் கருவியால் விளிம்பைச் சூடாக்கினேன். இனிக் காரை மெல்ல உருட்டவேண்டும். டயர் மட்டையை உருட்ட, மட்டை விளிம்பை மேலே மடிக்கும். ஆனால் வெறும் கார் உயரமாகவே நின்றது. மட்டை இறுகவில்லை. செல்வியை ஏறி உட்காரச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

“இப்ப என் வெயிட்டு வேணுமாக்கும்” என்றாள்.

“வேணும்” என்றேன்.

பிறகு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தினாள். வாசல் சரிவில் கார் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். வேலியோரம் கிரஹாம் நின்றார். நான் கேட்கவில்லை, ஆகவே அவர் சொல்லவுமில்லை.

கடற்கரைக்குப் போகும் அந்தக் கார் வரிசையில் இந்த வருடம் நாங்கள் இருவரும் போனோம். எத்தனையோ வலத் திருப்பங்கள். எதிலும் சத்தம் வரவில்லை. என் காது மட்டும் ஒவ்வொன்றிலும் காத்திருந்தது. கடற்கரையில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் பச்சையும் கிரஹாமின் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில். செல்வி சால்வையை இறுக்கிக்கொண்டு, “உரசவே இல்ல” என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஆனா அவரு வண்டி இன்னும் கொஞ்சம் மெத்துனு போவும்” என்றாள்.

இறங்கி, வழக்கம்போல் இரண்டு பின்சக்கரங்களையும் சரிபார்த்தேன். இடது விளிம்பு மடிந்து, விரலுக்கு வழவழப்பாக இருந்தது. வலதை நாங்கள் தொடவே இல்லை. அது இன்னும் கத்திதான். உங்கள் ஊர்க் கடலும் இப்படித்தானா என்று கிரஹாம் கேட்டார். அதுவும் கிழக்கேதான் இருக்கிறது என்றேன். வலது பக்கத்தையும் மடிக்கவேண்டுமானால் கட்டை தன்னிடம் இருக்கிறது என்றார். அது உரசவில்லையே என்றேன். அந்தக் கூர்மையில் விரலை வைத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.