அடி ஏறின சால்வை

வெயிலுக்குப் பேர்போன இந்தப் பக்கத்துல உல்லன் நூல் கடை வெச்சிருக்கேன்னு சொன்னாலே, கேக்கறவங்க என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "வேற இன்னா பண்றீங்க?"ன்னு கேப்பாங்க. வேற ஒண்ணும் பண்ணலைங்க. ஆம்பூர் பஜார்ல ஒரு பக்கம் பிரியாணிக் கடை, இன்னொரு பக்கம் செருப்புக் கடை, நடுவுல நான். கத்திரி வெயில்ல, கரண்ட் போன நேரத்துல, அட்டையால விசிறிக்கிட்டே உல்லன் கண்டு அடுக்கற பொம்பளைய நீங்க பாத்திருந்தா அது நானாத்தான் இருக்கும்.

நூல் விக்கிறது கஷ்டமில்ல. வாங்கற நூலுக்கும் போடப்போற டிசைனுக்கும் பொருத்தம் பாத்துச் சொல்றதுதான் பேஜார். அதுலயும் லேஸ் சால்வைன்னு ஒருத்தி வந்தா அன்னிக்கு என் பொழுது தொலைஞ்சுது. லேஸுன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஊசியில பின்னும்போதே வேணும்னே ஓட்டை விட்டு, அந்த ஓட்டையாலயே இலை, பூ எல்லாம் வரவெக்கறது. ஓட்டை பளிச்சுனு தெரிஞ்சாத்தான் டிசைன். அதுக்கு ஒத்துவர்ற நூலும் இருக்குது, ஒத்துவராத நூலும் இருக்குது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்னு தொண்டை கிழியச் சொல்லி, அந்தப் பக்கம் நிக்கறவங்க "சரிக்கா, சரிக்கா"ன்னு தலையாட்டிட்டு நேர் எதிரா வாங்கிட்டுப் போறதைப் பாத்து வயிறெரிஞ்ச கடைக்காரங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம கதைதான் இது.

கலர் கலராத்தான் வேணும்

ஜெயந்தி ஷூ ஃபேக்டரியில, மேல்தோல் தைக்கிற லைன்ல சூப்பர்வைசர். அவ பொண்ணு ரம்யா நர்ஸ். ஜெர்மனியில வேலை கெடைச்சு, குளிர்காலம் ஆரம்பிக்கறப்போ கெளம்பறா. தன்னை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டுட்டான்னு அப்பா ஏழுமலை பொண்ணுகிட்ட பேச்சை நிறுத்திட்டாரு. பொண்ணும் சளைச்சவ இல்ல, அவளும் நிறுத்திட்டா. "பேசாமலே ஏர்போர்ட்டுக்கு அனுப்பிடுவாரோன்னு பயமா இருக்குதுக்கா. நான் ஒரு சால்வையாச்சும் போட்டுக் குடுத்து அனுப்பறேன்"னு சொல்லிக்கிட்டே ஜெயந்தி என் கடைப்படி ஏறினா. கேக்கவே எனக்குப் பாவமா இருந்துச்சு.

ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினா. நடுவுல நரம்பு ஓடுது, ரெண்டு பக்கமும் வரிசையா இலை. அழகான டிசைன். ஆனா அவ கை போனது பச்சை, மஞ்சள், ரோஸ், ஊதான்னு ஒரே கண்டுல மாறி மாறி வர்ற நூல் மேல. "ஜெயந்தி, இது ஓட்டையே இல்லாம சும்மா பின்னறதுக்கு. இதுல இலை போட்டா கண்ணுக்கே தெரியாது. ஒரே கலரா எடும்மா"ன்னேன். "சரிக்கா"ன்னா. அதையே வாங்கிட்டுப் போனா. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு முழம் பின்னி எடுத்துக்கிட்டு வந்தா. இலையும் காணோம், நரம்பும் காணோம். கோலப்பொடியை மொத்தமா கொட்டிக் கலக்கின மாதிரி இருந்துச்சு. அவளே அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னா:

"நூல் சூப்பரா இருக்குதுக்கா. டிசைன்தான் சரியில்ல. வேற டிசைன் இருந்தா குடுங்க."

நடுரோட்டுல ஷேடு

டேனரியில தோலுக்குக் கலர் அடிக்கிற செக்‌ஷன்ல இருக்கிற ஒருத்தர், வூட்டம்மா ஏலகிரி போறப்போ போத்திக்க சால்வை போடப்போறாங்கன்னு நூல் வாங்க வந்தாரு. கையில ஒரு புடவைத் துண்டு. அதே ஷேடு வேணுமாம். ஒவ்வொரு கண்டையும் எடுத்துக்கிட்டு நேரா நடுரோட்டுக்குப் போயிடுவாரு. டியூப்லைட்ல ஷேடு ஏமாத்தும், வெயில்லதான் பாக்கணும்ங்கறது அவங்க தொழில் பழக்கம். நியாயம்தான். ஆனா பின்னால ஆட்டோ ஹாரன் அடிக்குது, இவரு கண்டை வானத்துக்குத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கறாரு. அப்புறம் உள்ள வந்து மடக்கிப் பாத்தாரு, கட்டைவிரலால தேச்சு சாயம் ஒட்டுதான்னு பாத்தாரு, மோந்துகூடப் பாத்தாரு.

கடைசியில ஷேடு பொருந்தினது ஒரு தடி நூல்ல, ஸ்வெட்டருக்கானது. "சார், உங்க வூட்டம்மா டிசைன்ல ஓட்டை எல்லாம் கடுகு சைஸு. இந்த நூல்ல போட்டா சால்வை வராது, மிதியடிதான் வரும்"னு சொல்லி மெல்லிசு நூலை எடுத்து வெச்சேன். ஷேடு ஒரு நூல் கம்மின்னு மூஞ்சி சுளிச்சாரு. ஃபேக்டரியில சின்னக் குறை உள்ள சரக்கைத் தனியா ஒதுக்கிக் கம்மி விலைக்குத் தள்ளுவாங்க இல்ல, அந்த நெனப்பு வந்துடுச்சு போல. குரலை இறக்கிக் கேட்டாரு:

"மேடம், இதுலயே செகண்ட்ஸ் இருக்குதா?"

குளிருக்கு முடி

ஜெயந்தி மறுபடி வந்தா. "ஒரே கலர்தானே வேணும்னீங்க? இந்தாங்க"ன்னு பொசுபொசுன்னு முடி நீட்டிக்கிட்டிருக்கிற நூலை எடுத்தா. அங்க ஐஸ் கொட்டுமாம், பொண்ணு கதகதன்னு இருக்கணுமாம். "அடியே, நீ விடற ஓட்டையை எல்லாம் அந்த முடி வந்து மூடிக்கும். தப்பு வந்தா பிரிக்கவும் வராது, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்"னு கெஞ்சாத குறையா சொன்னேன். தலையாட்டினா. அந்தத் தலையாட்டல் எனக்கு நல்லாத் தெரியும்.

அடுத்த வாரம் ரம்யாதான் அம்மாவை இழுத்துக்கிட்டு வந்தா. பின்னினதுல தப்பு வந்து, பிரிக்கப்போய், பிரிய மாட்டேன்னு அடம்புடிச்சு, எல்லாம் ஒரே உருண்டையாச் சுருண்டு பையில கெடந்துச்சு. ரம்யா அதைக் கவுன்டர் மேல மெதுவா எடுத்து வெச்சு, தடவிக் குடுத்தா.

"அம்மா, எனக்கு சால்வை போதும். நாய்க்குட்டி வேணாம்."

புடிச்சிருக்கிற வரைக்கும்

லேஸ் சால்வை ஊசியிலேருந்து இறங்கறப்போ சுருண்டு கசங்கி, கரித்துணி மாதிரிதான் இருக்கும். பாத்துட்டு அழாதவங்க கெடையாது. தண்ணியில நனைச்சு, நாலா பக்கமும் இழுத்து, பின் குத்திக் காயவெச்சாத்தான் ஓட்டை தெறந்து டிசைன் முகம் காட்டும். ஆட்டு ரோமத்துல செஞ்ச நூல்னா காஞ்ச பெறகும் அப்படியே நிக்கும். மலிவா கெடைக்குதே, அக்ரிலிக் நூல், அது நிக்காது.

பாகாயத்துலேருந்து வர்ற ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க, நான் வேணாம்னு சொல்லச் சொல்ல அக்ரிலிக்ல போட்டு, நனைச்சு, மெத்தை மேல பின் குத்தி இழுத்து வெச்சிருக்காங்க. பின்னை எடுத்ததும் சால்வை சுருக்குனு பழையபடி சுருண்டுக்கிச்சு. திரும்ப நனைச்சாங்க, திரும்பச் சுருண்டுச்சு. எனக்குத்தான் திட்டு விழப்போவுதுன்னு நெனச்சேன். அவங்க பெருமூச்சு விட்டுட்டு சொன்னாங்க:

"எங்கிட்ட படிச்ச பசங்க மாதிரியே இருக்குதும்மா. புடிச்சிருக்கிற வரைக்கும் நேரா நிக்குதுங்க."

தூதுக்காரி ஜெயந்தி

மூணாவது நூலுக்குக் குடும்பமே வந்துச்சு. ஏழுமலை மட்டும் வெளிய பைக் மேலயே உக்காந்துட்டாரு. கடைக்குள்ள வரமாட்டாராம். உள்ள ரம்யா கருப்புதான் வேணும்னு நிக்கறா. நல்ல ரோம நூல், ஒரே கலர், முடி இல்ல. எல்லாம் சரி, ஆனா கருப்புல லேஸ் போட்டா, போடறவளுக்கும் கண்ணு தெரியாது, பாக்கறவங்களுக்கும் இலை தெரியாது. நான் இதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள வெளியிலேருந்து ஏழுமலை சத்தம் போட்டாரு: "ஜெயந்தி, உம் பொண்ணுகிட்ட சொல்லு, கருப்புல செஞ்ச வேலை வெளிய தெரியாதுன்னு." இத்தனை வருஷத்துல எனக்கு முன்னாடி சரியான பதிலைச் சொன்ன ஒரே ஆளு, அதுவும் ரோட்டுல உக்காந்துக்கிட்டு! எனக்கு வந்த சந்தோஷத்துல எழுந்து போய் டீ வாங்கிக் குடுத்திருப்பேன்.

ரம்யா வாசல் பக்கம் திரும்பவே இல்ல. ஒரு நிமிஷம் கருப்புக் கண்டையே உருட்டிக்கிட்டு இருந்தா. அப்புறம் அதை வெச்சுட்டு வெளிர் சாம்பல் கலரை எடுத்தா.

"அம்மா, உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு, அவரு சொன்னது சரின்னு."

மொட்டைமாடி

இந்தத் தடவ ஜெயந்தி அழகா போட்டு முடிச்சா. ஒரு தப்பு இல்ல. இன்னும் ரெண்டு நாள்ல ஃபிளைட். நனைச்சு இழுக்கிறது எப்படின்னு நான் விளக்கறேன், அவ பாதியிலயே "அட, இது எங்க வூட்டுக்காரர் வேலையாச்சேக்கா!"ன்னு சிரிச்சா. ஏழுமலை டேனரியில, ஈரத் தோலைச் சட்டத்துல கிளிப் போட்டு இழுத்துக் காயவெக்கிற ஆளு. சொன்னா செய்வாரான்னு கேட்டேன். "பேசாத பொண்ணோட சால்வையைத் தொடுவாரா அவரு? நானே பாத்துக்கறேன்"னு போயிட்டா.

மறுநாள் சாயங்காலம் கண்ணெல்லாம் செவந்து வந்து நிக்கறா, கூட ரம்யா. ஏழுமலை வழக்கம்போல வெளிய பைக் மேல. ஜெயந்தி காலையில மார்க்கெட் போயிட்டு வர்றதுக்குள்ள, மனுஷன் நனைச்சு வெச்ச சால்வையை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்குப் போய், பழைய ஜன்னல் சட்டத்துல கிளிப் போட்டு மாட்டிட்டாரு. குடைகூட இல்லாம பக்கத்துலயே உக்காந்து, பொறங்கையால தொட்டுத் தொட்டுப் பாத்து, கொஞ்சம் காஞ்சதும் கிளிப்பை நகத்தி இன்னும் இழுத்திருக்காரு. தோல் சதுர அடிக்கணக்குல விக்கிற சரக்கு. இழுத்து அடி ஏத்தறவன்தான் அங்க கைகாரன். இவரு சால்வைக்கும் அடி ஏத்திட்டாரு. ரம்யா அதைத் தோள்ல போட்டுக் காட்டினா. ரெண்டு முனையும் என் கடைத் தரையைக் கூட்டுது. "நாளைக்குக் கெளம்பறாக்கா, எல்லாம் பாழாப்போச்சே"ன்னு ஜெயந்தி முந்தானையை வாயில அடக்கிக்கிட்டு அழுதா. எனக்கு வந்ததே கோவம்! வாசலுக்குப் போய், "ஏன் சார், இது இன்னா ஆட்டுத் தோலா?"ன்னு கத்திட்டேன்.

ஏழுமலை பைக்கை விட்டு எறங்கி, மொத மொதல்ல என் கடைக்குள்ள வந்தாரு. சால்வை ஓரத்தை விரலால நீவிக்கிட்டே, "ஒரு கண்ணி அறுந்திருக்குதா, பாத்து சொல்லுங்க"ன்னாரு. பாத்தேன். ஒண்ணும் அறுகல. இலை ஒவ்வொண்ணும் நரம்போட நிக்குது. "மறுபடி நனைச்சா சுருங்கிடும், அளவா இழுத்துக்கலாம். ராத்திரிக்குள்ள காஞ்சுடும்"னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், யாரும் கேக்கல. ரம்யா அவரையே பாத்துக்கிட்டு இருந்தா. நடுவுல அம்மாவை வெக்காம, நேரா கேட்டா: "எதுக்குப்பா இவ்ளோ இழுத்த?" அவரு பழக்க தோஷத்துல ஜெயந்தி பக்கம் திரும்பி, "உம் பொண்ணுகிட்ட..."ன்னு ஆரம்பிச்சாரு. நிறுத்திட்டாரு. அப்புறம் பொண்ணு பக்கம் திரும்பினாரு.

"அங்க குளிரு ஜாஸ்தின்னாங்கம்மா. அதான் கால் வரைக்கும் வரட்டும்னு இழுத்தேன்."

நூலுக்கும் டிசைனுக்கும் பொருத்தம் பாத்துச் சொல்றது என் தொழில், அதைக் காதுலயே போட்டுக்காம போறது கஸ்டமருங்க தொழில், ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டுமே நல்லாத்தான் நடக்குது.