இரங்கல் கவிதையில் கல்யாணத் தாளம்

எங்கள் அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'வாழ்த்து'தான். கல்யாணம், புதுவீடு, பிறந்தநாள் என்று எந்த அட்டை அச்சுக்கு வந்தாலும் உள்ளே நாலு வரி பாட்டு அவர் கைவண்ணம். மெஷின் 'தடக்குத் தடக்கு' என்று ஓடினால்தான் மனிதருக்கு வரியே ஓடும். மின்சாரம் போனால் திட்டுவதுகூட எதுகையோடுதான்.

அவருடைய அத்தான் திடீரென்று இறந்துபோனார். அக்கா அழவே இல்லை. துணி மடித்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், கல்லாக இருந்தாள். நினைவுக் கூட்டத்துக்கு முன்தினம் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரைப் பத்தி நீ ஏதாவது எழுதி வாசிடா. அதைக் கேட்டாவது எனக்கு அழுகை வரட்டும். நெஞ்சு அடைக்குது."

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு வந்து, மெஷின் ஓட ஓட எழுதி முடித்து எங்களிடம் வாசித்தார்.

"கட்டி வைத்த கனவை எல்லாம்
கொட்டி விட்டுப் போன தெங்கே?"

சொல்லெல்லாம் சோகம்தான். ஆனால் மெஷின்காரர் காலால் தாளம் போட்டுக்கொண்டே, "பிரமாதம்! யாருக்குண்ணே கல்யாணம்?" என்றார். வாழ்த்துக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

அந்த அமைதியில் உட்கார்ந்து வல்லெழுத்துகளைப் பிடுங்கி எறிந்தார். நெடில்களை இழுத்து வைத்தார். 'நீயிலாத வீட்டிலே நீளுதே மாலை' என்று ஒரு வரி வந்தது. மெஷின்காரரின் கால் தாளம் போடவில்லை. கடைசி இரண்டு வரி, அந்தக் 'கட்டி வைத்த கனவு' மட்டும் மசியவில்லை. எப்படி மாற்றினாலும் துள்ளியது.

"அவ அழாமலே இருந்துட்டா என்ன பண்ணுவேன்?" என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கிளம்பும் நேரமாகிவிட்டது.

கூட்டம் அக்காவின் மாடி வீட்டிலேதான். வாழ்த்து எழுந்து வாசித்தார். நீண்ட வரிகளுக்கு ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் அக்கா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வரியை விட்டுவிடுவார் என்று நம்பினேன். எங்கே! பழக்கதோஷம், வாய் நிற்கவில்லை. பதற்றத்தில் இன்னும் வேகமாகவே வந்துவிட்டது.

"கட்டி வைத்த கனவை எல்லாம்
கொட்டி விட்டுப் போன தெங்கே?"

அக்கா சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"டேய், இது அவரு மாடிப்படி ஏறி வர்ற சத்தம்டா" என்றவள், உடைந்து அழுதாள். வாழ்த்து பயந்துபோய்க் காகிதத்தை மடிக்கப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொரு தடவை படிடா" என்றாள்.