வாசலில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முந்தைய தை மாதம். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நாங்கள் குடியிருக்கும் ஆறு வீட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் நடந்தது இது.

இங்கே பனிக்காலத்தில் வாசல் நடைபாதையைப் பார்த்துக்கொள்வது குடியிருப்பவர்களின் வேலை. எங்கள் கட்டடத்தில் அதற்கென்று ஒரு சின்ன மரப்பலகை உண்டு. அது யாருடைய கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் பனி வழிப்பதும், வழுக்காமல் பொடிக்கல் தூவுவதும் அவர்கள் பொறுப்பு. எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. காலை ஐந்து மணிக்கே நாலு பிடி கல்லை அள்ளி எறிந்துவிட்டு ஓடுவேன். மத்தியானம் திரும்பி வந்தால் வாசல் முழுக்க ஒழுங்காகத் தூவியிருக்கும். நகரசபை வண்டி போகிற போக்கில் எங்களுக்கும் தூவிவிட்டுப் போகிறது, எல்லாம் முருகன் செயல் என்று நினைத்துக்கொள்வேன்.

கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பஸ் ஓட்டுநர். வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பொலிஸ்'. படியில் சப்பாத்து கிடந்தால் வந்து மணியடிப்பார். ஒருமுறை கடதாசி மட்டும் போடவேண்டிய குப்பைத் தொட்டியில் நான் போட்ட தயிர்க் கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்து என் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கார் வாங்கினோம். பழைய கார்தான், ஆனால் எங்களுக்குப் புதிது. பின்னேரம் வாசலில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, குங்குமம் பூசி, என் கணவர் நடைபாதையில் ஓங்கித் தேங்காய் அடித்தார். சிதறியதைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. பொலிஸ் பார்த்தால் அவ்வளவுதான்! தேங்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அப்படியும் மனம் ஆறவில்லை. ஊரில் முற்றம் கழுவுகிற பழக்கம் விட்டுப் போகுமா? ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்தேன்.

"ஏனப்பா தண்ணியை ஊத்திறீர்? இரவைக்கு நல்ல குளிராம்" என்றார் கணவர்.

"ஊத்தாட்டி நாளைக்கு அந்தாள் வந்து கதவைத் தட்டும். நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று வாயை அடைத்துவிட்டேன். மரப்பலகை அந்த வாரம் எங்கள் கதவில்தான் தொங்கியது.

மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. ஏழரை மணிக்கு நான் போர்வைக்குள் கிடக்கும்போது வெளியே ஒரு அலறல். யன்னலால் எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டுக்காரர் நடைபாதையில் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து பொடிக்கல் கொட்டிக் கிடக்கிறது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இனி பஸ் ஓட்ட முடியுமோ என்னவோ என்று கட்டடத்தில் எல்லாரும் கதைத்தார்கள்.

நான் கீழே போய்ப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கள் வாசலில் மட்டும் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. அதற்குள் மெல்லிய குங்குமச் சிவப்பு. நான் ஊற்றிய தண்ணீர்தான்.

"ஆரும் கேட்டால் பனி எண்டு சொல்லும். இந்தக் கிழமை எங்கட முறை. வழக்கு வந்தால் துலைஞ்சம்" என்றார் கணவர். நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் படியில் மேல்வீட்டுப் பெண்ணைக் கண்டேன். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்: "பாவம் மனுசன். உங்கள் வாரங்களில் எப்போதும் அவர்தானே தூவுகிறவர், தெரியாதா? கேட்டால் உங்களைச் சொல்லி, 'இருட்டோடு வேலைக்குப் போகிறவள், அவள் போன பிறகும் பனி கொட்டுகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள்' என்பார்."

நகரசபை வண்டியாம்! இத்தனை வருடமும் என் புத்தி எங்கே போனது? அன்றைக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் கைக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று, கோழிச் சூப் வைத்துக்கொண்டு போய் மணியடித்தேன். அவர் தன் கவனக்குறைவால்தான் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாராம். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன். தேங்காய் அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றியது நான், பயத்தில் மறைத்ததும் நான் என்றேன். அவர் இடது கையால் சூப்பை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "அந்தத் தேங்காய் எதற்கு?" என்று கேட்டார்.

"விபத்து ஒன்றும் நடக்காமல் இருக்க" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அவர் தன் கைக்கட்டைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே எங்கள் காரைப் பார்த்தார். "காரில் ஒரு கீறலும் இல்லையே. அப்படியென்றால் நல்ல தேங்காய்தான்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதோடு விட்டாரா? படியில் கிடக்கும் சப்பாத்துகளையும் ஞாபகப்படுத்தித்தான் அனுப்பினார்.

இரண்டரை மாதத்தின் பின் ஒருநாள் தெருமுனையில் நின்றேன். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சாரதி இருக்கையில் அவர். வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினார். முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இப்போது பலகை அவர் கதவில் தொங்கும் வாரங்களில், வேலைக்குப் போக முன் நான்தான் தூவிவிட்டுப் போகிறேன். அவருக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. எங்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அன்று தேங்காய் உடைத்தோம். அந்தக் காவல் அதற்கு எத்தனையோ குளிர்காலம் முன்பே, ஒரு வாளிப் பொடிக்கல்லோடு எங்கள் வாசலில் நின்றிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு கலங்குகிறது.