ஆட்டு விசிறி

சொகுசுக்கு அலைகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனால்தான் ஒரு வாரப் பத்திரிகைக்கு அந்தக் கேலிப்படத்தை வரைந்தேன். கட்டிலுக்கு மேலே ஓலை விசிறி, அதன் கயிறு வாசலில் நிற்கும் ஆட்டின் கழுத்தில். ஆடு நடந்தால் காற்று வரும். நின்றுபோன ஆட்டை விரட்ட ஆள் எழுந்து போய்விட்டதால் கட்டில் காலி.

அச்சாகி வந்ததும் எங்கள் ஊர் பரளச்சியே சிரித்தது. சித்தப்பா மட்டும் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து அப்படியே செய்துவிட்டார். "ஏலே, ஏன் வெரட்டணும்? அங்கிட்டும் இங்கிட்டும் கருவேலங்காயைப் போட்டா அதுவா நடக்கும்" என்றார். நடந்தது.

பங்குனி மதியம் அந்தக் காற்றில் தூங்கியவர் எழவேயில்லை.

நேற்றுப் போனேன். நான் வரைந்தபடியே காலிக் கட்டில், மேலே விசிறி ஆடிக்கொண்டிருந்தது. சித்தி ஆட்டுக்குக் காய் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குச் சித்தி?"

"அவுகளுக்கு வேர்க்கும்ல."